பிரேக்கை விட்டும் சக்கரம் சுத்தல, திங்கக்கிழமை எம்.ஓ.டி. (வருஷாந்தர வண்டிப் பரிசோதனை) இருக்கு

மஞ்சக்குப்பம் தம்பி:
அண்ணன்மாரே, அவசரம். கடலூர்ல இருந்து இங்கிலாந்து வந்து புதுசு. வேலைக்குப் போக பழைய பைக் வாங்கினேன். பிரேக்கை விட்டாலும் சக்கரம் இறுகி நிக்குது, டிஸ்க் தொட முடியாத சூடு. ஷெட்டுல கேக்குற கூலி கட்டுப்படியாகல. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரை நானே கழட்டலாமா?

முத்தியால்பேட்டை:
முதல் குளிர்காலத்துல பைக்கே வேணாம் தம்பி, பஸ் பாஸ் எடு. பனிக்கு ரோட்டுல உப்பு கொட்டுவாங்க, அலுமினியம் அதுலதான் அரிச்சுப் போகும். காசு இருந்தா நல்ல கையுறை வாங்கு.

திருப்பாதிரிப்புலியூர்:
சின்ன வேலைப்பா. மண்ணெண்ணெய்ல கழுவி, கிரீஸ் தடவி மாட்டிடு.

நெல்லித்தோப்பு:
அதைச் செய்யாதே தம்பி. மண்ணெண்ணெய், பெட்ரோல், சாதா கிரீஸ் எது பட்டாலும் ரப்பர் சீல் ஊதிப்போய், பேடை டிஸ்க்ல அமுக்குற பிஸ்டனை இன்னும் கவ்விக்கும். முன் சக்கரமா பின் சக்கரமா? எத்தனை பிஸ்டன்? ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டாம தடுக்கறது) உண்டா? முதல்ல ஒரு சோதனை: சக்கரம் இறுகியிருக்கும்போதே காலிப்பர்ல காத்து எடுக்குற சின்னத் திருகு, அதான் பிளீட் நிப்பிள், அதைக் கொஞ்சம் தளர்த்து. ஆயில் பீச்சி சக்கரம் விட்டுச்சுன்னா, லீவர் பக்கம் இருக்கற மாஸ்டர் சிலிண்டர்ல ஆயில் திரும்புற துளை அடைச்சிருக்கும், இல்ல ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கும். விடலைன்னா பிஸ்டன், இல்ல காலிப்பர் நகர்ற ஸ்லைடு பின் சிக்கியிருக்கும்.

வில்லியனூர்:
இங்க ஷெட்டுக்கும் முன்கூட்டியே நேரம் வாங்கணும். ஊர்ல வண்டியத் தள்ளிக்கிட்டுப் போனா அப்பவே பார்ப்பாங்க.

முத்தியால்பேட்டை:
வாடகை, முன்பணம், கரண்ட் பில்லு, வெயிலும் கிடையாது. எதைன்னு சொல்றது.

மஞ்சக்குப்பம் தம்பி:
முன் சக்கரம்ணே. 125 சிசி, ரெண்டு பிஸ்டன், ஏ.பி.எஸ். இல்ல. நிப்பிளைத் திறந்தும் விடல.

நெல்லித்தோப்பு:
அப்போ காலிப்பர்தான். அந்த மாடலுக்கான சீல் கிட், செம்பு வாஷர் 2, டாட் 4 பிரேக் ஆயில், சிவப்பு ரப்பர் கிரீஸ், சிலிக்கான் கிரீஸ் வாங்கு.

காலிப்பர் ஃபோர்க்குல இருக்கும்போதே பேட் பின்னையும், ஹோஸை மாட்டியிருக்குற பான்ஜோ போல்ட்டையும் லேசா இளக்கி, போல்ட்டைத் திரும்ப இறுக்கிக்க. அப்புறம் காலிப்பரை இறக்கி, பேடை எடுத்துட்டு, லீவரை மெதுவா அமுக்கி பிஸ்டனை வெளியே தள்ளு. ஒன்னு முந்தினா மரக்கட்டை வச்சுத் தடு, சிக்கினது அப்பதான் நகரும். காத்தடிச்சு எடுக்காதே, பிஸ்டன் தெறிச்சு விரலை நசுக்கிடும்.

ஒவ்வொரு பிஸ்டனுக்கும் ரெண்டு சீல். வெளியே இருக்கறது தூசி சீல், உள்ளே இருக்கறது சதுர வெட்டு. பிரேக் பிடிக்கும்போது வளைஞ்சு, விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கறதே அந்த உள் சீல்தான். அது உட்காரும் பள்ளத்துல வெள்ளையா உப்பு படிஞ்சா சீல் பிஸ்டன் மேல நெருக்கும். கோளாறு பெரும்பாலும் அங்கதான். அதைச் சுரண்டாம புது சீல் போட்டு பிரயோஜனம் இல்ல. சீலை பிளாஸ்டிக் குச்சியால எடு, ஸ்க்ரூடிரைவர் கீறினா ஆயில் கசியும். சீல் ஓடுற இடத்துல பிஸ்டன் குழிஞ்சிருந்தா புது பிஸ்டன்தான் போடணும்.

புது சீலைப் புது பிரேக் ஆயில்ல நனைச்சு மாட்டு. தூசி சீலுக்கு ரப்பர் கிரீஸ், ஸ்லைடு பின்னுக்கு சிலிக்கான் கிரீஸ். பிஸ்டன் நேரா, கையால அமுக்கினாலே இறங்கணும்.

திருப்பாதிரிப்புலியூர்:
டாட் 5 ஊத்தலாமா?

நெல்லித்தோப்பு:
கூடாது, அது சிலிக்கான். 5.1 சரி. பெயின்ட்ல சிந்தினா உடனே தண்ணி ஊத்து.

ஆயில்ல மாட்டின காத்தை எடுக்கும்போது லீவரைப் பிடி, நிப்பிளைத் திற, மூடு, அப்புறம்தான் லீவரை விடு. தொட்டியில ஆயில் வத்தவே கூடாது. லீவர் கெட்டியாகாம வண்டியை நகர்த்தாதே. போல்ட் இறுக்கத்துக்கு அந்த மாடல் சர்வீஸ் மேனுவலைப் பாரு. சாமான் ஞாயிறுக்குள்ள வரலைன்னா எம்.ஓ.டி.யைத் தள்ளிப் போடு தம்பி, இந்த நிலையில ஓட்டிக்கிட்டுப் போகாதே.