ஹாப்பர்: ‘மருந்துத் தொட்டி’ போதாது, ‘பெய்கலம்’ எப்படி?

அனைவருக்கும் வணக்கம்.

பழைய வேளாண் விமானங்களில் வயலில் தூவ வேண்டிய உரத்தையோ மருந்தையோ கொட்டிவைக்கும் கலம்தான் ஹாப்பர். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற நம் பேச்சில் இதுவரை மருந்துத் தொட்டி, முன்தொட்டி, தூவுகுதிர் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. முதலாவதை விட்டுவிடலாம். நியூசிலாந்தில் 1950 வாக்கில் டைகர் மாத் விமானங்களின் முன்னிருக்கையை எடுத்துவிட்டு அங்கே ஹாப்பரைப் பொருத்தினார்கள். மலைச்சரிவு மேய்ச்சல் நிலங்களுக்கு அது சுமந்து சென்றது மருந்தல்ல, சூப்பர் பாஸ்பேட் உரம்.

முன்தொட்டி என்றவர் 1959இல் வந்த பைப்பர் பானி விமானத்தை நினைத்திருக்கிறார். அதில் ஹாப்பர் எஞ்சினுக்கும் விமானிக்கும் நடுவே இருக்கும். தரையில் மோதினால் பாரம் பின்னாலிருந்து வந்து விமானியை நசுக்காது. ஆனால் 1954இல் முதலில் பறந்த ஃபிளெட்சர் எஃப்யு-24இல் ஹாப்பர் விமானியின் முதுகுக்குப் பின்னால். அன்டோனவ் ஆன்-2இலும் விமானிகளுக்குப் பின்னால், அறைக்குள்ளேயே. இடத்தை வைத்துப் பெயரிட்டால் நாளைக்கே ‘பின்முன்தொட்டி’ தேட வேண்டிவரும்.

தூவுகுதிர் என்னையும் மயக்கியது. மேலே கொட்டி நிரப்பி, கீழ்த்திறப்பு வழியாக எடுப்பதில் குதிரும் ஹாப்பரும் ஒன்றுதான். ஆனால் குதிர் தானியத்தைச் சேர்த்துக் காப்பதற்கு. ஹாப்பரோ காலியாவதற்கென்றே செய்யப்பட்டது. ஈரம்பட்ட உரம் கட்டிதட்டி அடிவாய்க்கு மேல் வளைவாக நின்றுவிட்டால் ஒரு பிடிகூட இறங்காது. அதனால்தான் சுவர்களை அடிவாயை நோக்கிச் சரித்துக் கட்டுகிறார்கள். அவசரம் வந்தால் சரிவு இன்னும் முக்கியம். முழுச்சுமையோடு கிளம்பிய விமானம் உயரம் பிடிக்காமல் எதிரே குன்று வந்துவிட்டால், விமானி நெம்புகோலை இழுத்த சில நொடிகளில் அத்தனையும் கீழே போயாக வேண்டும்.

ஆகவே செயலை வைத்துப் பெயரிடுவோம். என் பரிந்துரை பெய்கலம். கலத்தில் இடுவதும் பெய்தல், மேலிருந்து பொழிவதும் பெய்தல். வண்டியில் மயிலிறகு ஏற்றுவதற்குக் குறளிலும் இதே வினைதான். பொடி, குருணை, நீர்மம் எதுவானாலும் இடிக்காது. ‘மழைமானி என்று நினைத்துவிடுவார்களே’ என்று ஒருவர் கேட்கக்கூடும். விமானக் கட்டுரையில் அந்தக் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன்.

அடிக்கதவுக்குப் புதுச்சொல் எதற்கு? மதகு இருக்கிறது. அவசரமாகச் சுமையை உதிர்ப்பதற்கு வந்த ‘சுமைதுறப்பு’ காதுக்கு இனிமைதான். ஆனால் விமானி துறவியல்லவே. சுமைக்கொட்டல் என்று நேராகச் சொல்லிவிடலாம். விமானத்திலிருந்து நிலத்தின்மேல் உரம் தூவுவதற்கும் புதுச்சொல் வேண்டாம். மேலுரம் உழவர் நாவில் ஏற்கெனவே உள்ள சொல், முன்னால் ‘வான்’ சேர்த்தால் போதும்.

ஒருமுறை கடந்து பறக்கையில் உரமோ மருந்தோ விழும் பட்டையின் அகலத்துக்கு ‘வீச்சகலம்’ என்று எழுதிப் பார்த்தேன். இறக்கையின் அகலத்தோடு அதைக் குழப்பிக்கொள்வார்களோ என்று ஐயம். மாற்று இருந்தால் எழுதுங்கள்.