சி ஷார்ப்புக்கு இறக்கினா கம்பி தொளதொளன்னு ஆகுது: பிளாக் சப்பாத் சவுண்டுக்கு என்ன வழி?

பாலக்கோடு_ரிஃப்:

வணக்கம்ங்க. பாலக்கோட்டுல நாலு பேர் சேர்ந்து, இங்கிலாந்து ஹெவி மெட்டல் குழுவான பிளாக் சப்பாத்தோட பாட்டு மட்டும் ஒரு மணி நேரத்துக்குத் தயார் பண்றோம். 1971ல வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்துல இருந்து 'சில்ட்ரன் ஆஃப் தி கிரேவ்', 'லார்ட் ஆஃப் திஸ் வேர்ல்ட்', 'இன்டு தி வாய்ட்' மூணும் கட்டாயம் வேணும். அந்த மூணுலயும் அந்தக் குழுவோட கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமி கிட்டாரை ஒன்றரை ஸ்டெப் (கீழ்க் கம்பி ஈ-ல இருந்து சி ஷார்ப்புக்கு) இறக்கித்தான் வாசிச்சிருக்கார்.

எங்க கிட்டார்ல இருக்கறது 9-42 செட் (மேல் கம்பி, கீழ்க் கம்பி தடிமன், இன்ச்சுல ஆயிரத்துல ஒரு பங்குக் கணக்குல), ரெண்டு ஹம்பக்கர் பிக்கப். 15 வாட்ஸ் ஆம்ப், 8 இன்ச் ஸ்பீக்கர். சி ஷார்ப்புக்கு இறக்கினா முதல் 5 ஃப்ரெட்டுல (கழுத்துல குறுக்கே இருக்கற உலோகப் பட்டை) கம்பி கரகரன்னு இரையுது. பவர் கார்டு பிடிச்சா சுருதி ஏறுது. கெயினை (டிஸ்டார்ஷன் அளவு) முழுசா வச்சாலும் கனம் வரல, சேறு மாதிரி குழம்புது. பேஸ் நாலு கம்பி, 45-105 செட்.

தடிமனான கம்பி போட்டா சரியாகுமா, பெடல் வாங்கணுமா? எந்த லைவ் ரெக்கார்டிங்கைப் பார்த்துக் கத்துக்கலாம்?

காவேரிப்பட்டணம்_ஃப்ரெட்:

மூணு பிரச்சினை ஒண்ணா கலந்து கிடக்கு. தனித்தனியா எடுத்துக்கலாம்.

முதல்ல கம்பி. மூணு அரைச்சுரம் இறக்கினா இழுவிசை பழையதுல 71 சதவீதம்தான் மிஞ்சும். கம்பி நீளமும் தடிமனும் மாறாதப்போ இழுவிசை அதிர்வெண்ணோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி குறையும், அதனால இந்தக் கணக்கு எல்லாக் கிட்டாருக்கும் ஒண்ணுதான். பழைய இறுக்கம் அப்படியே வேணும்னா ஒவ்வொரு கம்பியும் ஏறக்குறைய 1.19 மடங்கு தடிமனா இருக்கணும். 12-54 செட்டை சி ஷார்ப்புல வச்சா, 10-46 செட்டை சாதாரண சுருதியில வாசிக்கற மாதிரி இருக்கும். 11-49 போட்டா 9-42 மாதிரி. உங்க 9-42 சி ஷார்ப்புல ஏழரை செட் மாதிரி ஆயிடுது. அதான் தொளதொளன்னு இருக்கு.

உங்களுக்கு நான் சொல்றது 11-52. மேல் கம்பிகள் 9 செட் மாதிரி வளையும், கீழ்க் கம்பி 44 அளவு இறுக்கத்துல நிக்கும். 12-54 வேண்டாம். அதுல மூணாவது கம்பி 20 அளவு வெறும் கம்பி, பெண்ட் பண்ணவே (கம்பியை வளைச்சு சுரத்தை ஏத்தவே) வராது. ஐயோமியோட லீட் முழுக்க பெண்டும் அகலமான வைப்ராட்டோவும்தான்.

புது செட்டைப் போட்ட உடனே வாசிக்க ஆரம்பிச்சிடாதீங்க. வரிசை மாறினா எல்லா வேலையும் ரெண்டு தடவை செய்யணும்.

நட்டுல (கழுத்து நுனியில கம்பி உட்கார்ற பள்ளம் வெட்டின துண்டு) இருந்து ஆரம்பிங்க. 42 கம்பிக்கு வெட்டின பள்ளத்துல 52 உட்காராது, மேல மிதக்கும். அப்படி மிதந்தா திறந்த கம்பி சரியா இருந்தாலும் முதல் ஃப்ரெட்டுல சுருதி ஏறிடும். பள்ளத்தைப் பக்கவாட்டுல மட்டும் அகலப்படுத்தணும், ஆழப்படுத்தக் கூடாது. ஆழம் போயிட்டா நட்டையே மாத்தணும். நட்டு ஃபைல் கையில இல்லேன்னா ஓசூர்லயோ பெங்களூருலயோ ரிப்பேர் பண்றவங்ககிட்டக் கொடுத்துடுங்க. பள்ளத்துல பென்சில் கரி தேய்ச்சா கம்பி சிக்காது.

அடுத்து கம்பியை சி ஷார்ப், எஃப் ஷார்ப், பி, ஈ, ஜி ஷார்ப், சி ஷார்ப்புன்னு முழுசா சுருதி சேர்த்துட்டுத்தான் கழுத்தைப் பார்க்கணும். கீழ்க் கம்பியை முதல் ஃப்ரெட்டுலயும், கழுத்து உடம்போட சேர்ற ஃப்ரெட்டுலயும் அழுத்திப் பிடிங்க. 7வது ஃப்ரெட்டுக்கு மேல கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல 0.25 மி.மீ. இடைவெளி இருக்கணும். உங்களுக்கு இப்போ அநேகமா இடைவெளியே இருக்காது. இழுக்கற பலம் குறைஞ்சதால டிரஸ் ராடு (கழுத்துக்குள்ள இருக்கற இரும்புக் கம்பி) கழுத்தைப் பின்னால தள்ளியிருக்கும். முதல் 5 ஃப்ரெட்டுல மட்டும் இரையறதுக்கு அதுதான் முதல் சந்தேகம். ஆலன் கீயை இடப்பக்கமா கால் சுற்று தளர்த்தி, மறுபடி சுருதி சேர்த்து, மறுபடி அளங்க. ஒரே மூச்சுல அரைச் சுற்றுக்கு மேல போகாதீங்க.

அப்புறம் கம்பி உயரம். 12வது ஃப்ரெட்டுல கீழ்க் கம்பிக்கு 2 மி.மீ., மேல் கம்பிக்கு 1.6 மி.மீ. இறக்கின சுருதியில கம்பி அகலமா ஆடும், அதனால சாதாரணத்தைவிடக் கொஞ்சம் உயரமாவே இருக்கட்டும். கடைசியா இன்டொனேஷன், அதாவது எல்லா ஃப்ரெட்டுலயும் சுருதி சரியா நிக்கறது. 12வது ஃப்ரெட்டுல ஹார்மோனிக்கும் அழுத்தின சுரமும் ஒண்ணா வரணும். அழுத்தினது ஏறி வந்தா சேடிலை (பிரிட்ஜுல கம்பி தாங்கற துண்டு) கழுத்தை விட்டுத் தள்ளி நகர்த்துங்க, இறங்கி வந்தா கழுத்துப் பக்கம்.

இவ்வளவும் செஞ்சும் பவர் கார்டு சுருதி ஏறினா, குறை கையிலதான். தளர்ந்த கம்பியை அழுத்திப் பிடிச்சாலும், பிக்கால ஓங்கி அடிச்சாலும் சுரம் ஏறும். ஐயோமி பிடி மெதுவானது. இடக்கைக்காரரான அவருக்கு 17 வயசுல தகடு ஆலையில வலக்கை நடுவிரல், மோதிர விரல் நுனி போச்சு. அந்த விரல்லதான் அவர் கம்பியை அழுத்தணும். பிளாஸ்டிக்கை உருக்கித் தொப்பி செஞ்சு, மேல தோல் ஒட்டி வாசிச்சவர். மெல்லிய கம்பி, இறக்கின சுருதி ரெண்டுமே விரல் வலியைக் குறைக்க வந்ததுதான். அந்தத் தளர்ச்சிதான் அந்த இசையோட உயிர்.

ஓசூர்_லோ_எண்ட்:

கம்பி விஷயத்தில் மேலே சொன்னதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. இந்த மூன்று பாட்டு மட்டும் போதும் என்றால் 10-46 செட்டே போதும். சி ஷார்ப்பில் அது எட்டரை செட் போல வளையும். ஐயோமி 8 செட் வாசித்தவர். அவருடைய வைப்ராட்டோ வேண்டுமென்றால் அந்த வளைவு வேண்டும். நட்டை ராவும் வேலையும் மிச்சமாகலாம்.

ஆனால் உங்கள் கேள்வியில் பெரிய விஷயம் கெயின். முழுசாக வைத்திருப்பதால்தான் குழம்புகிறது. அந்த ஆல்பத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள். கார்டு அடித்தால் ஒவ்வொரு கம்பியும் தனித்துக் கேட்கும், இன்றைய மெட்டல் அளவுக்கு டிஸ்டார்ஷன் அதில் கிடையாது. ஐயோமி லேனி ஆம்புக்கு முன்னால் டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்ற டிரெபிள் பூஸ்டரை வைத்தார். ஒரே ஒரு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் கொண்ட சின்னப் பெட்டி அது. உள்ளே போகும் இடத்திலேயே அடிச்சுரங்களைக் குறைத்து, மேலே இருப்பதை ஆம்புக்குள் தள்ளும். அடிச்சுரம் அதிகமாக உள்ளே போய் டிஸ்டார்ட் ஆனால் சேறுதான் வரும். முதலில் அதை வெட்டிவிட்டு டிஸ்டார்ட் செய்து, பிறகு ஆம்பின் ஈக்யூவிலும் (பேஸ், மிட், டிரெபிள் திருகுகள்) ஸ்பீக்கரிலும் கனத்தைச் சேர்க்க வேண்டும்.

அதே பெட்டியைத் தேடி அலைய வேண்டாம். சாதாரண ஓவர்டிரைவ் பெடலில் டிரைவ் 1, டோன் 7, லெவல் முழுசு. ஆம்பில் கெயின் 5, பேஸ் 3, மிட் 7, டிரெபிள் 6 என்று ஆரம்பியுங்கள். 8 இன்ச் ஸ்பீக்கரிடம் பேஸ் கேட்காதீர்கள். சி ஷார்ப் திறந்த கம்பி 69 ஹெர்ட்ஸ், அந்தச் சின்னப் பெட்டியால் அதைத் தள்ள முடியாது, கோன் உதறும். மிட் இருந்தால் காது அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். பிக்கப்பின் பேஸ் பக்கத்தையும் கொஞ்சம் இறக்குங்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்தியபடி அளந்தால் 2.5 மி.மீ. இருக்கட்டும். காந்தத்துக்குப் பக்கத்தில் தளர்ந்த கம்பி ஆடினால் சுரம் தள்ளாடும்.

நீங்கள் தேடும் கனம் கிட்டாரில் பாதிதான், மீதி சப்பாத்தின் பேஸ்காரர் கீசர் பட்லர். அவரும் சுருதியை இறக்கி, ரிஃப்பைக் கிட்டாரோடு சேர்ந்து வாசிப்பார், ஐயோமி கம்பியை வளைக்கும் இடத்தில் தானும் வளைப்பார். லீட் வரும்போது பின்னால் ரிதம் கிட்டார் கிடையாது. பேஸ்காரர் ஒற்றைச் சுரத்தோடு நின்று அந்த இடத்தைக் காலியாக விட்டால் மேடை வெறிச்சோடிவிடும். 45-105 செட்டும் 71 சதவீதத்துக்கு இறங்கும், அதனால் 50-110 போடுங்கள். ஐந்து கம்பி பேஸ் கிடைத்தால் இறக்கவே வேண்டாம், பி கம்பியின் 2வது ஃப்ரெட் சி ஷார்ப். ஆனால் திறந்த கம்பியில் வரும் முழக்கம் அதில் இருக்காது. நான்கு கம்பியே மேல்.

கத்துக்கொள்ள 1998இல் வெளிவந்த 'ரீயூனியன்'. 1997 டிசம்பரில் பர்மிங்காமில் பதிவானது. நீங்கள் கேட்ட மூன்று பாட்டும் அதில் இருக்கின்றன, சப்பாத்தின் முதல் நால்வரும் இருக்கிறார்கள், பேஸ் தெளிவாகக் கேட்கும். வேகத்துக்கும் வெறிக்கும் 70களின் பதிவுகள் உள்ள 'பாஸ்ட் லைவ்ஸ்'.

பென்னாகரம்_டபுள்ஸ்ட்ரோக்:

டிரம்ஸ் பத்தி யாரும் பேசல. சப்பாத் டிரம்மர் பில் வார்ட், ஜாஸ் டிரம்மர் ஜீன் குரூப்பாவைக் கேட்டு வளர்ந்தவர், கையில ஜாஸ் ஆட்டம் இருக்கு. நேர் எட்டா அடிச்சா சப்பாத் செத்துப்போயிடும். 'சில்ட்ரன் ஆஃப் தி கிரேவ்' திஸ்ர நடை. தகிட தகிடன்னு வாயில சொல்லி, அதுக்கு மேல ரிஃப்பை வாசிக்கச் சொல்லுங்க. நம்ம ஊர் பம்பைக்காரங்க யாராவது பக்கத்துல இருந்தா அவங்க காதுக்கு உடனே பிடிபடும். 'இன்டு தி வாய்ட்'ல வேகம் மாறற இடங்களை மெட்ரோனோம் வச்சுப் பழகாதீங்க, ரிஃப்பை வாயால பாடிப் பழகுங்க. டபுள் பேஸ் பெடல் வேண்டவே வேண்டாம்.

பாலக்கோடு_ரிஃப்:

எல்லாருக்கும் நன்றிங்க. ரெண்டு விஷயம் விட்டுப்போச்சு. கிட்டார்ல இருக்கறது மிதக்கற ட்ரெமலோ பிரிட்ஜ் (ஸ்பிரிங்ல நின்னு முன்னும் பின்னும் அசையறது). அப்புறம், பாடறவர், முதல் பாடகர் ஓஸிக்குப் பிறகு சப்பாத்துல பாடின டியோ காலத்துப் பாட்டும் ரெண்டு வேணும்ங்கறார். சேர்த்தா ஒட்டுமா? 'பேரனாய்ட்'டை எந்தச் சுருதியில வாசிக்கலாம்?

காவேரிப்பட்டணம்_ஃப்ரெட்:

ட்ரெமலோவா? அப்போ கழுத்துக்கு முன்னால பிரிட்ஜைப் பாருங்க தம்பி. கம்பி தளர்ந்ததும் பின்னால இருக்கற ஸ்பிரிங் ஜெயிச்சு, பிரிட்ஜ் உடம்புக்குள்ள சாஞ்சிருக்கும். கம்பி உயரமும் இன்டொனேஷனும் அதோட சேர்ந்து கெட்டிருக்கும். பின் மூடியைக் கழட்டி, ஸ்பிரிங் மாட்டின தகட்டோட ரெண்டு திருகையும் அரை அரைச் சுற்றா தளர்த்துங்க. ஒவ்வொரு தடவையும் சுருதி சேர்த்துட்டு, பிரிட்ஜ் உடம்புக்கு இணையா நிக்குதான்னு பாருங்க. 11-52 போட்டா இழுவிசை பழைய அளவுக்கு வந்துடும், அதிகம் தளர்த்த வேண்டியிருக்காது. ட்ரெமலோவைப் பயன்படுத்தவே போறதில்லைன்னா, அந்தக் குழிக்குள்ள அளவா ஒரு மரக்கட்டையை இறுக்கமா வச்சு பிரிட்ஜை அசையாம நிறுத்திடுங்க. ஒரு கம்பி அறுந்தாலும் மத்த அஞ்சும் சுருதியில நிக்கும்.

'பேரனாய்ட்', 1970ல வந்த முதல் ரெண்டு ஆல்பத்துப் பாட்டெல்லாம் சாதாரண ஈ சுருதி. மேடையில நடுவுல சுருதி மாத்தினா, மிதக்கற பிரிட்ஜுல ஒரு கம்பியைத் தொட்டா ஆறும் நகரும். எல்லாப் பாட்டையும் சி ஷார்ப்புலயே வாசிங்க, ஃப்ரெட் இடம் மாறாது. பாடறவருக்கும் மூணு அரைச்சுரம் இறங்கறதால தொண்டை பிழைக்கும். சப்பாத்தே பிற்காலக் கச்சேரிகள்ல பழைய பாட்டை இறக்கின சுருதியில வாசிச்சிருக்காங்க.

ஓசூர்_லோ_எண்ட்:

டியோ பாட்டைத் தாராளமாகச் சேருங்கள். 1980இல் வந்த 'ஹெவன் அண்ட் ஹெல்' ஓஸி ஆல்பங்களுக்கு இம்மியும் குறைந்ததல்ல. ஓஸி இல்லாத சப்பாத் சப்பாத்தே இல்லை என்று இன்னும் சிலர் சொல்வது அநியாயம். ஆனால் பாடும் முறை வேறு. 'அயர்ன் மேன்' கேளுங்கள், ஓஸி ரிஃப்பின் சுரத்தையே பாடுவார். டியோ அப்படிப் போகமாட்டார், ரிஃப்புக்குக் குறுக்கே தனி மெட்டு கட்டுவார். அங்கே கிட்டார் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட வேண்டும். ஒரே குரல் இரண்டையும் செய்வதென்றால், ஓஸி பாட்டை எல்லாம் முதலில் முடித்துவிட்டு டியோவுக்கு வாருங்கள். டியோ பாட்டு தொண்டையை அதிகம் உறிஞ்சும்.

நிகழ்ச்சியை 'பிளாக் சப்பாத்' பாட்டோடு ஆரம்பித்தால் நன்றாக இருக்கும். மூன்றே சுரம். கீழ் ஸ, மேல் ஸ, பிறகு பிரதி மத்யமம். அந்த மத்யமத்தைப் பஞ்சமத்தோடு உரசி அசைக்க வேண்டும், பதிலில்லாமல் தொங்கவிட வேண்டும். அவசரப்பட்டு அடுத்த சுழற்சிக்குத் தாவினால் பயம் போய்விடும்.

தருமபுரி_மிக்ஸர்:

கச்சேரி எங்கன்னு சொல்லல. ஊர்ப் பக்கம் சவுண்ட் சர்வீஸ் வச்சுப் பண்றதா இருந்தா இதையும் படிச்சுக்குங்க. அவங்க செட்டிங் ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் மேடைப் பேச்சுக்கும் இருக்கும். குரல்ல எக்கோ, ஈக்யூல பேஸ் ஏத்தி. அதே செட்டிங்குல சப்பாத் வாசிச்சா ரிஃப் ஒண்ணுகூட புரியாது. முன்னாடியே போய்ப் பேசி எக்கோவை எடுக்கச் சொல்லுங்க. கிட்டார் சேனல்ல 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டணும், அந்த இடம் பேஸுக்கும் கிக் டிரம்முக்கும். 15 வாட்ஸ் ஆம்பை நாற்காலி மேல தூக்கி வச்சு, மைக்கை ஸ்பீக்கர் துணியில இருந்து 3 செ.மீ. தள்ளி, கோனோட நடுவுக்கும் விளிம்புக்கும் இடையில வைங்க. நடுவுலயே வச்சா கீச்சுன்னு வரும்.

எல்லாத்துக்கும் மேல எர்த். ஜெனரேட்டர் லைன்ல பல இடத்துல எர்த் இருக்காது. த்ரீ பின்ல எர்த் காலை எடுத்துட்டு டூ பின்ல சொருகற பழக்கத்தை விட்டுடுங்க, கிட்டார் கம்பி நேரா ஆம்ப் சேஸிஸோட சேர்ந்திருக்கு. ஆம்பும் பாடற மைக்கும் வேற வேற லைன்ல இருந்தா, கிட்டாரைப் பிடிச்சுக்கிட்டு மைக்ல வாய் வைக்கறவருக்கு ஷாக் அடிக்கும். உயிரே போகலாம். ரெண்டுக்கும் ஒரே போர்டுல இருந்து கரண்ட் எடுங்க. வாசிக்கறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரை ஏசி வோல்ட்ல வச்சு, ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலயும் மறு முனையை மைக் வலையிலயும் வைங்க. ஒண்ணு ரெண்டு வோல்டுக்கு மேல காட்டினா யாரும் எதையும் தொடாதீங்க. ஜெனரேட்டர் பக்கத்துல எர்த் கம்பி அடிச்சு, தண்ணி ஊத்தி, எலெக்ட்ரீஷியன் சரின்னு சொன்ன பிறகு மறுபடி அளங்க.