புதுப்பிப்பு: பதின்மூன்று பேய்கள், இரண்டு நிறத் தாள்கள்

வில்லியம் காசில் 1960இல் குறைந்த செலவில் எடுத்த 'பதின்மூன்று பேய்கள்' படத்தில் பேய்கள் சரியாகத் தெரியவில்லை என்று இதே இழையில் குறைபட்டிருந்தேன். அந்தக் குறையை இப்போது திரும்பப் பெறுகிறேன். அன்று நான் பார்த்தது முழுக்கக் கறுப்பு வெள்ளைப் பிரதி.

படம் வெளிவந்தபோது பேய் வரும் காட்சிகளுக்கு மட்டும் நிறமேற்றி, திரையரங்கு வாசலில் சிவப்பும் நீலமுமாக இரண்டு தாள் பொருத்திய அட்டையொன்றைக் கொடுத்திருக்கிறார்கள்; துணிந்தவர் சிவப்பு வழியே பார்த்தால் பேய் துலங்கும், பயந்தவர் நீலத்துக்கு மாறினால் மறைந்துவிடும். நிறமேற்றிய பிரதி கிடைத்ததும், மட்டக்களப்பு கல்லடியில் அம்மம்மா வீட்டில், டொபி சுற்றிவரும் தாள்களைப் பழைய கலண்டர் அட்டையில் ஒட்டிப் பார்த்தோம். சிவப்புத் தாள் கசங்கியிருந்ததால் பேயின் முகத்தில் குறுக்கே ஒரு கோடு விழுந்தது, ஆனாலும் வேலை செய்தது. தங்கச்சி கடைசிவரை நீலத்தை விட்டு நகரவில்லை.

கடனுக்குத் தளபாடங்களையும் பறிகொடுத்த குடும்பத்துக்கு, குடும்பத் தலைவனின் 'அங்கிள்' ஒருவரின் வீடு பேய்களோடு சேர்ந்து கிடைப்பதுதான் கதை. அம்மம்மாவுக்கோ பேய் பொருட்டேயில்லை. "அது தாய்மாமனா, தகப்பன்ட பக்கமா?" என்று கேட்டார். தாய்மாமன் சொத்து சகோதரியின் மகனான மருமகனுக்குச் சேர்ந்த, முக்குவர் சமூகத்தின் பழைய சட்டமும், வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதும் இன்றைய வழக்கமும் உள்ள மட்டக்களப்பில் அது நியாயமான கேள்விதான். அங்கிளுக்கும் குடும்பத் தலைவனுக்கும் ஒரே குடும்பப் பெயர் என்பதால் தகப்பன் பக்கமாகத்தான் இருக்கும் என்றேன். "அப்ப அந்த வீடு எப்படி இவனுக்கு வரும்?" என்றார்.