தவறுதலாகக் கூடுதலாக வந்த மீதிச் சில்லறை: வைத்துக்கொள்ளலாமா? திருப்பிக் கொடுப்பதென்றால் எப்படி?

வெண்பனி (கேள்வி):

பில் 340. வாடிக்கையாளர் 500 நோட்டு ஒன்றைக் கொடுக்கிறார். 160 வர வேண்டிய இடத்தில் 660 வருகிறது. எண்ணாமல் பையில் போட்டுக்கொண்டு வந்ததால் வீட்டில்தான் தெரிகிறது. இதற்கு என்ன செய்வது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். "எண்ணிக் கொடுக்க வேண்டியது அவங்க வேலை, நாம கேட்டு வாங்கலையே" என்கிறார்கள். "சின்னக் கடைன்னா கொடுத்துடு, பெரிய கம்பெனிக்கு இதெல்லாம் தூசு" என்கிறார்கள்.

எனக்குத் தெரிய வேண்டியது மூன்று. இந்த 500 யாருடைய கையைக் கடிக்கிறது, கடையையா, கல்லாவில் நிற்பவரையா? சட்டத்தின் பார்வையில் இது யார் பணம்? இரண்டு நாள் கழித்துப் போனால் அன்றைய கணக்கை முடித்திருப்பார்களே, அப்போது கொடுத்தால் அது எங்கே போய்ச் சேரும்?

கல்லாக்கணக்கு (பதில்):

முதலில் இந்த 660 எப்படி வந்தது என்று பாருங்கள். 1000-இல் 340 போனால் 660. கையில் வாங்கியது 500, மெஷினில் அடித்தது 1000. திரையில் "மீதி 660" என்று வந்துவிட்டால் கை அதை எண்ணிக் கொடுத்துவிடும், மனசு திரும்பக் கணக்குப் போடாது. வாங்கிய நோட்டை உடனே பெட்டிக்குள் போடுகிற பழக்கம் இருந்தால் இந்தப் பிழை இன்னும் சுலபமாக நடக்கும். உள்ளே போன நோட்டு மற்ற நோட்டுகளோடு கலந்துவிடும், சந்தேகம் வந்தாலும் சரிபார்க்க வழி கிடையாது. அதனால்தான் வாங்கிய நோட்டைப் பெட்டியின் மேலேயே குறுக்காக வைத்திருந்து, மீதியை எண்ணிக் கொடுத்து முடித்த பிறகு உள்ளே வை என்று கற்றுக்கொடுக்கிறார்கள்.

ஷிப்ட் முடிந்ததும் பெட்டியை எண்ணுவார்கள். காலையில் வைத்த சில்லறை இருப்பு 2,000, அன்றைய ரொக்க விற்பனை 18,340, பொருள் திரும்பி வந்ததற்குக் கொடுத்தது 300 என்று வைத்துக்கொள்வோம். பெட்டியில் 20,040 இருக்க வேண்டும். எண்ணினால் 19,540 இருக்கிறது. 500 துண்டு விழுகிறது.

அந்தத் தாளில் பொருள் பெயரோ வாடிக்கையாளர் பெயரோ இருக்காது. கவுண்டர் எண், ஷிப்ட் நேரம், அங்கே நின்றவர் பெயர், எதிரே "குறைவு 500", அவ்வளவுதான். தவறிக் கொடுத்த 500-ம், ஒருவர் எடுத்துப் பையில் போட்டுக்கொண்ட 500-ம் அந்தத் தாளில் ஒரே மாதிரிதான் தெரியும். "பெரிய கம்பெனிக்குத் தூசு" என்பவர்கள் இதை யோசிப்பதில்லை. கம்பெனிக்கு 500 தூசாகவே இருக்கட்டும். ஒரு ஆளின் பெயருக்கு எதிரே எழுதப்படுகிற 500 தூசு இல்லை.

காசை யார் கட்டுவது என்பது நாட்டுக்கு நாடு, கடைக்குக் கடை மாறும். சில இடங்களில் கடையே நட்டமாக எழுதிவிடும். சில இடங்களில் சம்பளத்தில் பிடிப்பார்கள். இங்கிலாந்தில் 1996-ஆம் ஆண்டின் வேலை உரிமைச் சட்டம், சில்லறைக் கடை ஊழியரின் சம்பளத்தில் கல்லாக் குறைவுக்காகப் பிடிப்பதை அந்தந்தச் சம்பள நாளின் மொத்த ஊதியத்தில் 10 சதவீதத்துக்குள் நிறுத்துகிறது. அமெரிக்க மத்தியச் சட்டத்தின் கீழ், கல்லாக் குறைவுக்காகப் பிடித்து ஊதியத்தைக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது. சட்டம் போட்டு வரம்பு கட்டுகிற அளவுக்கு இந்தப் பிடித்தம் நடக்கிற விஷயம் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

இனி, இரண்டு நாள் கழித்துப் போனால் பயன் உண்டா என்றால், நிச்சயம் உண்டு. குறைவு வந்தால் அதன் தொகையை வைத்துத்தான் காரணம் தேடுவார்கள். 400 என்றால் 100-க்குப் பதில் 500 போயிருக்கலாம். வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், 63 என்பதை 36 என்று எழுதியதுபோல இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். முழுசாக 500 என்றால் நோட்டு மாறிப்போனதா, இரண்டு நோட்டு ஒட்டிக்கொண்டு போனதா, யாராவது எடுத்தார்களா என்று மூன்று கேள்வி நிற்கும். நீங்கள் பில்லோடு போனால் அந்தக் கேள்வி முடிந்துவிடும்.

போகும் முன் பில்லை எடுத்துப் பாருங்கள். தேதி, நேரம், கவுண்டர் எண் இருக்கும். பல பில்களில் "பெறப்பட்டது 1000, மீதி 660" என்றே அச்சாகியிருக்கும், அதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டியதில்லை. கடைக்குப் போன் செய்து, தொகையைச் சொல்லாமல், "இந்தத் தேதியில், இந்த நேரத்தில், இந்தக் கவுண்டரில் எனக்கு மீதி கூடுதலாக வந்திருக்கிறது, அன்றைக்குக் கணக்கில் குறைவு வந்ததா?" என்று கேளுங்கள். தொகையை அவர்கள் வாயிலிருந்து வரவிடுவது நல்லது, இரண்டு பக்கமும் பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும்.

நேரில் போகும்போது கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, கவுண்டரில் இருப்பவரிடம் நீட்டாமல் மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். கல்லாவில் இருப்பவர் மேல் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. வரிசையில் நின்று "இந்தாங்க, முந்தாநாள் 500 அதிகமா கொடுத்துட்டீங்க" என்று நீட்டினால், இன்றைய பெட்டியில் அது விழும். அன்றைக்கு 500 குறைவு, இன்றைக்கு 500 கூடுதல் என்று இரண்டு நாள் கணக்கும் தப்பாகிவிடும். கூடுதலும் பிழையாகத்தான் எழுதப்படும், யாரோ ஒரு வாடிக்கையாளருக்குக் குறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம். எனவே எந்தத் தேதி, எந்தக் கவுண்டர் குறைவுக்கு எதிராக இந்தக் காசு என்று எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். "அவர் சம்பளத்தில் பிடித்திருந்தால் இது அவருக்குப் போகணும்" என்பதையும் வாய்விட்டே சொல்லிவிடுங்கள். அதைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

சட்டநூல்பிரியன் (பதில்):

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். "அவர் தப்பு, என் தப்பு இல்லை" என்ற வாதம் நீதிமன்றத்தில் எப்போதோ தோற்றுப்போன ஒன்று. 1841-இல் இங்கிலாந்தில் கெல்லி எதிர் சொலாரி என்ற வழக்கு. பிரீமியம் கட்டாமல் காலாவதியான ஒரு காப்பீட்டுக்கு, அது காலாவதியானதை மறந்து நிறுவனம் பணம் கொடுத்துவிட்டது. திருப்பிக் கேட்டபோது, கொடுத்தவர் கவனமாக இருந்திருக்கலாம் என்பது பணத்தை வைத்துக்கொள்ளக் காரணம் ஆகாது என்று நீதிமன்றம் சொன்னது. தவறிக் கொடுத்தவர் கவனக்குறைவாக இருந்திருக்கலாம். அந்தக் கவனக்குறைவு பணத்தின் உரிமையை மாற்றிவிடாது.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 72-ஆம் பிரிவும் இதையே சொல்கிறது: தவறுதலாகப் பணம் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும். வேர் இன்னும் பழையது. கடன்பட்டிராத ஒன்றைத் தவறாகக் கொடுத்தவர் திரும்பக் கேட்பதற்கென்றே ரோமானியச் சட்டத்தில் தனி வழக்குமுறை இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு தெரிந்தால் அது குற்றமா என்பது அடுத்தது. வாங்கும்போது தெரியாது என்பது உண்மைதான், அதுவரை எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் தெரிந்த பிறகு என்ன முடிவெடுக்கிறோம் என்பதைச் சட்டம் பார்க்கிறது. இங்கிலாந்தின் 1968 திருட்டுச் சட்டத்தில், பிறர் தவறால் கைக்கு வந்ததைத் திருப்பித் தரும் கடமை இருக்கும் இடத்தில், அந்த அளவுக்கு அது கொடுத்தவருடைய சொத்தாகவே கருதப்படும். தெரிந்தும் நேர்மையற்ற முறையில் வைத்துக்கொண்டால் திருட்டாகலாம். 500-க்காக யாரும் வழக்குப் போடுவார்களா என்பது வேறு விஷயம்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். மீதி அதிகமாக வருவதும், விலை குறைவாகப் போடப்படுவதும் ஒன்றல்ல. கடை தானாக விரும்பி விலையைக் குறைத்திருந்தால் அது அவர்கள் முடிவு, வாங்கியவருக்கு எந்தக் கடமையும் இல்லை. விலையில் நடந்தது எழுத்துப் பிழை என்று வாங்குபவருக்கே வெளிச்சமாகத் தெரிந்தால் நிலைமை மாறும். 1939-இல் முயல் தோல் வியாபாரத்தில் ஒரு வழக்கு: ஒரு தோலுக்கு இவ்வளவு என்று பேசி வந்த விலையை, தவறாக ஒரு பவுண்டு எடைக்கு என்று எழுதிவிட்டார்கள். தொழில் தெரிந்த யாருக்கும் அது பிழை என்று தெரிந்திருக்கும் என்பதால் அந்த ஒப்பந்தம் செல்லவில்லை.

வெண்பனி:

ரொம்பத் தெளிவாகிவிட்டது, நன்றி. இரண்டு சந்தேகம் பாக்கி. தொகை 5, 10 என்றாலும் இவ்வளவு தூரம் போக வேண்டுமா? பில்லில் ஒரு பொருள் விட்டுப்போயிருந்தாலும் இதே வழிதானா?

அரைப்படி (பதில்):

மேலே கல்லாக்கணக்கு எழுதியதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் எல்லாத் தொகைக்கும் ஒரே வழி என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. 5-ஐக் கொடுக்க 60 செலவழித்துப் பயணம் செய்யச் சொல்வது நியாயம் ஆகாது. சின்னச் சில்லறை வித்தியாசம் தினமும் இரண்டு பக்கமும் வரும் என்று பல கடைகள் ஒரு சிறு அளவு வரை குறைவையும் கூடுதலையும் கேள்வி கேட்காமல் விட்டுவிடுகின்றன. அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது கொடுத்தால் போதும். கொடுக்கிற எண்ணம் இருக்க வேண்டும், அதற்காக அன்றைய வேலையைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கவுண்டரிலேயே கண்ணில் பட்டுவிட்டால் மட்டும் 1 என்றாலும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். அதற்கு ஒரு செலவும் இல்லை.

இதில் மனிதர்கள் உண்மையில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2013-இல் வெளியான ஒரு ஆய்வில், இஸ்ரேலில் ஒரு உணவகத்தில் 192 பேருக்கு வேண்டுமென்றே 10 அல்லது 40 ஷெக்கல் கூடுதலாக மீதி கொடுத்தார்கள். 128 பேர் திருப்பித் தரவில்லை. 40 கூடுதலாக வாங்கியவர்களே 10 வாங்கியவர்களைவிட அதிகம் திருப்பிக் கொடுத்தார்கள். வழக்கமாக வருகிறவர்கள், ஒரே தடவை வந்துபோகிறவர்களைவிட நிறையக் கொடுத்தார்கள். தொகை கூடக்கூட ஆசையும் கூடும் என்று நினைக்கிறோம், ஆனால் எதிரே இருப்பவருக்கு எவ்வளவு வலிக்கும் என்பதும் கூடவே கண்ணில் படுகிறது. முகம் தெரிந்த இடத்தில் அது இன்னும் பட்டென்று தெரிகிறது. முகம் தெரியாத கடையில்தான் நாம் கொஞ்சம் முயற்சி எடுத்து அதை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

பில்லில் பொருள் விட்டுப்போனால் கல்லா குறையாது, பெட்டிக் கணக்கு சரியாகவே வரும். குறைவது சரக்கில், அது இருப்பு எடுக்கும்போதுதான் தெரியவரும். அப்போது யார் கவுண்டரில் விட்டது என்று கண்டுபிடிக்க முடியாது, பொதுவாகக் "காணாமல் போனது" என்று போய்விடும். அதனால் இதற்குக் காசை மட்டும் நீட்டினால் வேலை ஆகாது. விட்டுப்போன பொருளின் பெயரையோ பார்கோடையோ சொல்லி, அதற்குத் தனியாக ஒரு பில் போடச் சொல்லுங்கள். அப்போதுதான் காசும் சேரும், இருப்பிலும் ஒன்று கழியும்.

கல்லாக்கணக்கு:

அரைப்படி சொன்ன சிறு தொகை விஷயம் சரிதான், நான் 500-ஐ மனதில் வைத்து எழுதினேன். போன் வழியாகப் பணம் போடுவது பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன். கடை உங்கள் கணக்குக்குக் கூடுதலாகத் திருப்பி அனுப்பிவிட்டால், அந்தக் கடையின் பில்லில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்துப் பேசுங்கள். முன்பின் தெரியாத எண்ணிலிருந்து "உங்களுக்குத் தவறாகப் பணம் போட்டுவிட்டேன், இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்" என்று அழைப்பு வந்தால் உடனே அனுப்பாதீர்கள். அது மோசடியாக இருக்கலாம்: பணம் வந்ததாகக் காட்டும் குறுஞ்செய்தியே போலியாக இருக்கும், அல்லது வந்தது வேறு யாரிடமோ திருடிய பணமாக இருக்கும். வங்கிக் கணக்கைத் திறந்து இருப்பு உண்மையிலேயே கூடியிருக்கிறதா என்று பாருங்கள். கூடியிருந்தால் அதைச் செலவழிக்காமல் வைத்திருந்து, வங்கியிடம் எழுத்தில் தெரிவித்து, வந்த வழியிலேயே திருப்பச் சொல்லுங்கள். அழைத்தவரிடமும் அதையே சொல்லலாம்: "உங்கள் வங்கியில் புகார் கொடுங்கள், என் வங்கி கேட்டதும் சம்மதம் கொடுக்கிறேன்."