மூபென்64பிளஸ்: பழைய லேப்டாப்பில் எந்த கிராஃபிக்ஸ் பிளக்-இன்னும் சரிப்படவில்லை

கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். லினக்ஸில் மூபென்64பிளஸ் என்ற எமுலேட்டர் (பழைய கேம் கன்சோலைப் போல நடிக்கும் மென்பொருள்) வழியாக நிண்டெண்டோ 64 கார் ரேஸ் ஓட்டுகிறேன். மெனு வரை வருகிறது. ரேஸ் தொடங்கியதும் திரை கறுப்பு, சத்தம் மட்டும் கேட்கிறது.

கோர் 2 டுயோ லேப்டாப், 4 ஜிபி ராம், இன்டெல் ஜிஎம்ஏ 4500 கிராஃபிக்ஸ் சிப். இந்தச் சிப் ஓபன்ஜிஎல் (படம் வரையும் கிராஃபிக்ஸ் இடைமுகம்) 2.1-க்கு மேல் போகாது. போன மாதம் டெபியன் 11-இலிருந்து 12-க்கு மாறினேன், அதன் பிறகுதான் இந்தத் தொல்லை. லினக்ஸின் கிராஃபிக்ஸ் டிரைவர் தொகுப்பான மெசா 22-இல் பழைய ஐ965 டிரைவரை நீக்கிவிட்டார்கள். இப்போது ஓடுவது அதற்குப் பதிலான குரோகஸ் டிரைவர்.

கறுப்புத் திரை கிளைட்64எம்கே2 கிராஃபிக்ஸ் பிளக்-இன்னில். ரைஸ் பிளக்-இன் போட்டால் ரேஸ் ஓடுகிறது, ஆனால் கார் நிழல் கட்டம் கட்டமாக விழுகிறது, ரோடு மினுக்குகிறது. கிளைடுஎன்64 என்ற இன்னொரு பிளக்-இன்னுக்கு ஓபன்ஜிஎல் 3.3 வேண்டும். மெசா ஓவர்ரைடு வைத்து 3.3 என்று ஏமாற்றிப் பார்த்தேன், ஷேடர் (சிப்பில் ஓடும் சின்ன கிராஃபிக்ஸ் புரோகிராம்) கம்பைல் ஆகாமல் நின்றது. கிராஃபிக்ஸ் சிப்பை விட்டு சிபியுவிலேயே வரையும் எல்எல்விஎம்பைப்பில் படம் அச்சு அசலாக வருகிறது, கார்தான் நடந்து போகிறது! ஆக ரோம் ஃபைலில் (கேம் ஃபைலில்) கோளாறு இல்லை.

குன்னூர் கடையில் "புதுசு வாங்கிடுங்க சார்" என்கிறார்கள். லீவுக்கு வந்திருக்கும் அக்கா பையனுக்காக அவ்வளவு செலவு செய்ய மனம் வரவில்லை.

கிளைடுஎன்64 ஓபன்ஜிஎல் இஎஸ் (மொபைல் போன்றவற்றுக்கான எளிய ஓபன்ஜிஎல்) 2.0-இலும் ஓடும், குரோகஸும் அதைத் தரும். சாதாரண 64-பிட் லேப்டாப்பில் அப்படி பில்டு செய்து ஓட்டியவர்கள், பில்டு டூலான சிமேக்கில் என்ன ஆப்ஷன் கொடுத்தீர்கள்?