ஏழாம் வகுப்புக்குப் போகும் பையனுக்குக் கோடை விடுமுறையில் வகுப்பா, முகாமா, சும்மா விடுவதா?

மழைத்துளி:

பையன் ஆறாம் வகுப்பு முடித்துவிட்டு ஏழுக்குப் போகிறான். விடுமுறை நெருங்க நெருங்க எனக்குத்தான் பதற்றமாக இருக்கிறது. பெற்றோர் வாட்ஸாப் குழுவில் தினமும் யாராவது ஒரு கோடை வகுப்பு விளம்பரத்தைப் போடுகிறார்கள், கோடிங், ரோபாட்டிக்ஸ், மேடைப்பேச்சு, வேகக் கணக்கு என்று. உடனே நாலு பேர் "நாங்க சேர்த்துட்டோம்" என்று சொல்ல, நாம் மட்டும்தான் பிள்ளையைச் சும்மா வைத்திருக்கிறோமோ என்று தோன்றிவிடுகிறது. நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் மாமியார் வீட்டில் இருப்பார், ஆனால் அவனை மேய்க்க அவரால் முடியாது, விட்டால் நாள் முழுக்கப் போன்தான்.

மூன்று வழி யோசித்து வைத்திருக்கிறேன். ஏழாம் வகுப்புக் கணக்கை இப்போதே நடத்தி முடித்துவிடும் ஒரு வகுப்பு, ஆன்லைன் கோடிங் வகுப்பு, ஒரு வாரம் வெளியே தங்கும் முகாம். கணக்கில் அவன் சுமார்தான், பின்னம் வந்தாலே முகம் மாறிவிடும். கோடிங் பற்றி அவன் கேட்டதே இல்லை. அவனாக விரும்பிச் செய்வது படக்கதை வரைவது, நோட்டு நோட்டாக வரைந்து வைத்திருக்கிறான். முகாம் என்றால் போகலாம் போலவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது என்கிறான். இதுவரை எங்களை விட்டு வெளியே தங்கியதில்லை.

எதில் சேர்ப்பது? நல்ல முகாம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கணக்கு_டீச்சர்:

ஆறிலிருந்து எட்டு வரைக்கும் கணக்கு எடுக்கிறேன், அதனால் கணக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அடுத்த வருடப் பாடத்தை இப்போதே நடத்தும் வகுப்பு உங்கள் பையனுக்கு வேண்டவே வேண்டாம். பின்னத்தில் தடுமாறும் பிள்ளைக்கு ஏழாம் வகுப்புப் பாடத்தை வேகமாக ஓட்டினால், புரியாத ஒன்றின் மேல் இன்னொன்று ஏறும், அவ்வளவுதான். அதோடு பள்ளி திறந்ததும் "இது எனக்குத் தெரியுமே" என்று வகுப்பில் காது கொடுக்க மாட்டான், பரீட்சையில்தான் தெரியாது என்று தெரியவரும். வருடா வருடம் இதைப் பார்க்கிறேன்.

பின்னத்தை நான் இவ்வளவு பிடித்துக்கொண்டு பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. ராபர்ட் சீக்லரும் உடன் இருந்தவர்களும் 2012-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு, அமெரிக்கா, பிரிட்டன் இரண்டு நாட்டுப் பிள்ளைகளையும் வைத்துச் செய்தது. பத்து வயது வாக்கில் பின்னமும் வகுத்தலும் எவ்வளவு தெரிந்திருந்தது என்பதை வைத்தே, பிற்பாடு உயர்நிலைப் பள்ளியில் இயற்கணிதம் எப்படி வரும் என்று ஓரளவு சொல்ல முடிந்தது. குடும்ப வருமானத்தையும் அறிவுத்திறனையும் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் அந்தத் தொடர்பு போகவில்லை. ஏழாம் வகுப்பில் விகிதம், சதவீதம், சமன்பாடு என்று வருவதெல்லாம் பின்னத்தின் மேல் நிற்பவை. ஆக இந்த விடுமுறையில் அவன் பின்னம் ஒன்றை மட்டும் பயமில்லாமல் போடப் பழகினால் அதுவே பெரிய வேலை.

விடுமுறையில் எல்லாம் மறந்துவிடும் என்று பயமுறுத்துவார்கள், அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஹாரிஸ் கூப்பர் குழு 1996-ல் பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது, சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவுக்குப் பின்னடைவு வருகிறது என்றார்கள். அதிகம் அடிபட்டது கணக்குப் போடும் பழக்கமும் எழுத்துக்கூட்டலும். பிற்பாடு வந்தவர்கள் அந்த அளவே எந்தத் தேர்வை வைத்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது என்று சொல்லி இன்னும் விவாதம் நடக்கிறது. ஒரு மாதமே என்று வைத்துக்கொண்டாலும், தினம் இருபது நிமிடம் உட்கார்ந்து நாலைந்து கணக்குப் போட்டால் சமாளித்துவிடலாம். அதற்கு மூன்று மணி நேர வகுப்பு எதற்கு?

இரண்டு_பிள்ளைகள்:

பையனிடம் "என்ன செய்யப் போறே" என்று கேட்காதீர்கள், எங்கள் வீட்டில் அதற்கு எப்போதும் "ஒண்ணும் வேணாம்"தான் பதில். உங்களுக்குச் சம்மதமான இரண்டு மூன்றை முன்னால் வைத்து, இதில் ஒன்றை நீயே எடு என்று சொல்லுங்கள். தானே எடுத்தால் முதல் இரண்டு நாள் பிடிக்காவிட்டாலும் போய்ப் பார்ப்பார்கள். இந்த வயதில் நாம் எடுத்துக் கொடுத்தது எதுவுமே சரியில்லை என்றுதான் தோன்றும் அவர்களுக்கு.

நிரல்_நண்பன்:

மென்பொருள் வேலையில் இருக்கிறேன், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் உண்டு. கோடிங் வகுப்பில் சேர்ப்பதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: கடைசியில் பிள்ளை கையில் என்ன இருக்கும்? "சான்றிதழ்" என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள், பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கோடிங் சான்றிதழை யாரும் எங்கேயும் கேட்கப் போவதில்லை. "தானே யோசித்துச் செய்த ஒரு விளையாட்டு" என்று சொன்னால் மேற்கொண்டு பேசலாம். அப்போதும், எல்லாப் பிள்ளைகளும் ஒரே விளையாட்டைத்தான் செய்கிறார்களா, ஆளுக்கு ஒன்றா என்று பாருங்கள். ஒரே மாதிரி இருந்தால் ஆசிரியர் சொல்லச் சொல்ல எல்லோரும் பார்த்துத் தட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இன்னொன்று, உங்கள் பையன் படக்கதை வரைகிறவன் என்றீர்களே, அவனுக்கு ஸ்க்ராட்ச் போதும், கட்டளைகளைத் தட்டச்சு செய்யாமல் கட்டங்களாக இழுத்து அடுக்கி நிரல் எழுதும் மென்பொருள் அது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 2007-ல் வெளியிட்டார்கள், இலவசம், 8 முதல் 16 வயது வரையானவர்களை மனதில் வைத்தே செய்தது. அவன் வரைந்த பாத்திரத்தையே உள்ளே கொண்டுபோய் நடக்க வைக்கலாம், பேச வைக்கலாம், ஒரு கதையை முழுக்க ஓட்டிக் காட்டலாம். "இப்படி நடந்தால் அப்படிச் செய்", "இதைத் திரும்பத் திரும்பச் செய்" என்ற அடிப்படையெல்லாம் அதிலேயே வந்துவிடும். கையால் தொட்டுச் செய்ய ஆசைப்பட்டால் மைக்ரோபிட் என்று நிரல் எழுதி இயக்கும் ஒரு சின்ன மின்னணுப் பலகை இருக்கிறது, 25 சிறு விளக்குகளும் இரண்டு பொத்தான்களும் உள்ளது. பிபிசி முன்னின்று உருவாக்கி 2016-ல் பிரிட்டனில் 11, 12 வயது மாணவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள், அதாவது சரியாக இவன் வயதுக்காரர்களுக்கு. இரண்டுக்கும் இணையத்தில் பாடங்கள் இருக்கின்றன. பிடித்துப்போய் "இன்னும் வேணும்" என்று அவனாக வந்து கேட்டால் அப்போது வகுப்பு தேடுங்கள்.

கூடாரம்:

பல வருடங்களாகத் தங்கும் முகாம்களில் பொறுப்பாளராக வேலை செய்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். விளம்பரத்தில் மலையேற்றம், கயிற்றுப் பாலம், நட்சத்திரம் பார்ப்பது எல்லாம் இருக்கும், அதை அப்புறம் பாருங்கள். முதலில் கேட்க வேண்டியது எத்தனை பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்பது. அமெரிக்க முகாம் சங்கத்தின் அளவுகோலில் 9 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் பகல் முகாம் என்றால் பத்துப் பேருக்கு ஒருவர், இரவு தங்கினால் எட்டுப் பேருக்கு ஒருவர். எந்த ஊரில் இருந்தாலும் இதைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். பகலில் இருக்கும் ஆட்களைக் கூட்டிச் சொல்லிவிடுவார்கள், இரவில் பிள்ளைகள் தூங்கும் இடத்தில் யார் இருப்பார்கள், எத்தனை பேர் என்று தனியாகக் கேளுங்கள்.

பெரியவர் ஒருவர் ஒரு பிள்ளையுடன் மற்றவர் கண்ணில் படாமல் தனியாக இருக்கக் கூடாது என்ற விதி அங்கே எழுத்தில் இருக்கிறதா என்று வெளிப்படையாகவே கேளுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்படவே வேண்டாம். ஒழுங்காக நடத்துகிறவர்கள் சந்தோஷமாக விளக்குவார்கள், "எங்க மேல நம்பிக்கை இல்லையா" என்று கோபப்படுகிறவர்களிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள். ஆட்களை எடுக்கும்போது பின்னணி விசாரிக்கிறார்களா, முதலுதவி தெரிந்தவர் எந்நேரமும் இருக்கிறாரா, பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தூரம், மருந்து சாப்பிடும் பிள்ளைக்கு யார் எடுத்துக் கொடுப்பார்கள் என்பதையும் விடாதீர்கள். நீரில் இறக்குகிறார்கள் என்றால் பயிற்சி பெற்ற உயிர்காப்பாளர் இருந்தே ஆக வேண்டும், விளையாட்டு மாஸ்டர் பார்த்துக்கொள்வார் என்பது பதிலே இல்லை. அப்புறம், வெயில் உச்சியில் இருக்கும் நேரத்தில் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்று ஒரு நாள் அட்டவணையை வாங்கிப் பாருங்கள். காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை இடைவெளியே இல்லாமல் நிரப்பியிருந்தால் மூன்றாம் நாளே பிள்ளைகள் சோர்ந்து ஒருவரோடு ஒருவர் சண்டை போட ஆரம்பித்துவிடுவார்கள்.

புத்தகப்புழு:

எல்லோரும் எதை எடுப்பது என்றே பேசுகிறீர்கள், வெறுமனே இருக்கும் நாட்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. என் மகள் ஏழாம் வகுப்பு படித்தபோது விடுமுறையில் பெரும்பகுதியை வகுப்பு இல்லாமலே விட்டோம். முதல் வாரம் "போர் அடிக்குது" என்று பின்னாலேயே சுற்றினாள், நான் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. அப்புறம் நூலகத்திலிருந்து கட்டுக்கட்டாகப் புத்தகம் வந்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு நாடகம் ஒன்று எழுதினார்கள். பள்ளி நாளில் இதற்கெல்லாம் நேரமே கிடையாது. தூக்கமும் அப்படித்தான். 6 முதல் 12 வயதுக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் சொன்னது. பள்ளி நாளில் எத்தனை பிள்ளைகளுக்கு அது கிடைக்கிறது? விடுமுறையிலும் காலை ஏழு மணிக்கு எழுப்பி வகுப்புக்கு ஓட்டுவது எனக்கு நியாயமாகவே படவில்லை.

கணக்கு_டீச்சர்:

புத்தகப்புழு சொல்வது சரி, ஆனால் வீட்டில் புத்தகமும் கூட விளையாடப் பிள்ளைகளும் இருந்ததால் அது நடந்தது. பெரியவர்கள் வேலைக்குப் போய், பிள்ளை தனியாகப் போனோடு இருக்கும் வீட்டில் வெறும் நாள் வேறு மாதிரி போகும். அப்படிப்பட்ட வீட்டுக்கு நல்ல பகல் முகாம் உண்மையிலேயே உதவும், ஒன்றே ஒன்று, சேர்த்தால் விடாமல் அனுப்ப வேண்டும். ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் அமெரிக்காவில் சில நகரங்களின் கோடைப் பள்ளிகளை ஆராய்ந்தபோது, 20 நாளோ அதற்கு மேலோ வந்த பிள்ளைகளுக்குத்தான் கணக்கில் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. அவர்கள் இவனைவிடச் சின்னப் பிள்ளைகள் என்றாலும் விஷயம் பொருந்தும் என்றே நினைக்கிறேன். நாலு இடத்தில் சேர்த்து நாலிலும் பாதி நாள் போவதைவிட ஒன்றில் சேர்ந்து முழுக்கப் போவது மேல்.

மழைத்துளி:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. முன்கூட்டியே நடத்தும் கணக்கு வகுப்பு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஸ்க்ராட்ச் பற்றி நேற்று ராத்திரி அவனிடம் சொன்னேன், தன் படக்கதை நாயகன் நடப்பானா என்று இரண்டு முறை கேட்டுவிட்டான். முகாம் விஷயத்தில்தான் இன்னும் தயக்கம். கூடாரம், அங்கே போய் அழுதால் என்ன செய்வது? "பிடிக்கலைன்னா ஒரு போன் பண்ணு, அம்மா வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்று சொல்லி அனுப்பலாமா?

கூடாரம்:

அதை மட்டும் சொல்லாதீர்கள். வீட்டு ஏக்கம் பற்றி கிறிஸ்டோபர் தர்பர் என்ற உளவியலாளர் நிறைய ஆராய்ந்திருக்கிறார், அவர் முக்கியமாகத் தவிர்க்கச் சொல்வதே இந்த வாக்குறுதியைத்தான். நீ சமாளிக்க மாட்டாய் என்று அம்மாவே நினைக்கிறாள் என்றுதான் பிள்ளைக்குக் கேட்கும், முதல் நாள் ராத்திரியே போனைத் தேடுவான். வீட்டு நினைப்பு எல்லோருக்கும் வரும், வந்தால் பொறுப்பாளரிடம் சொல், ஏதாவது வேலையில் இறங்கு, எங்களுக்குக் கடிதம் எழுது என்று சொல்லி அனுப்புங்கள். போவதற்கு முன்னால் ஒரு வார இறுதியில் சொந்தக்காரர் வீட்டிலோ நண்பன் வீட்டிலோ நீங்கள் இல்லாமல் தங்கட்டும், அந்த ஒத்திகை ரொம்ப உதவும். முகாமைத் தேர்ந்தெடுப்பதிலும் அவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் தடவை என்பதால் ஒரு வாரம் வேண்டாம், இரண்டு மூன்று நாள் முகாம் இருந்தால் அதில் தொடங்குங்கள். அழுகையோடு சாப்பிடாமல் தூங்காமல் நாள் கணக்கில் போனால் நாங்களே கூப்பிட்டுச் சொல்வோம். உங்களைக் கூப்பிடுவது எந்த நிலையில் என்பதையும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மழைத்துளி:

சரி, மாமா வீட்டில் இந்த வார இறுதியிலேயே விட்டுப் பார்க்கிறேன். மூன்று நாள் முகாம் ஒன்றும் இருக்கிறது, இரவில் யார் இருப்பார்கள் என்று நாளைக்கே கேட்கிறேன். டீச்சர், பின்னத்தை எங்கிருந்து ஆரம்பிக்கட்டும்? கூட்டலிலிருந்தா?

கணக்கு_டீச்சர்:

கூட்டலுக்கு முன்னால் படம். ஒரு செவ்வகத்தை வரைந்து 3/4 காட்டச் சொல்லுங்கள், அதே அளவு செவ்வகத்தில் 2/3, எது பெரியது, எவ்வளவு பெரியது என்று அவனே சொல்லட்டும். 1/2-ஐ 1/4-ஆல் வகுத்தால் ஏன் 2 வருகிறது என்பதையும் வரைந்தே காட்டச் சொல்லுங்கள். "தலைகீழாக்கிப் பெருக்கு" என்ற விதியை இப்போதைக்கு எடுக்காதீர்கள். வரைகிற பையன் என்பதால் இதில் சீக்கிரம் பிடித்துக்கொள்வான், எந்த இடத்தில் நிற்கிறான் என்று இங்கேயே எழுதுங்கள், அடுத்ததைச் சொல்கிறேன்.