செல் பிரிக்கும்போதே ஃபாஸ், ஜுன் ஜீன்களின் அளவு ஏறிவிடுகிறது

சுண்டெலி விழித்திரையிலிருந்து கேங்லியான் செல்களை (மூளைக்குச் செய்தி அனுப்பும் நரம்பு செல்கள்) மட்டும் பிரித்து, எந்த ஜீன் எவ்வளவு இயங்குகிறது என்று பார்க்க ஆர்என்ஏ சீக்வென்சிங் செய்கிறோம். மொத்த செல்களில் இவை ஒரு சதவீதம்கூடத் தேறாது. திசுவைத் தனிச் செல்களாகப் பிரிக்கும் பப்பாயின் என்சைமில் 37 டிகிரியில் அரை மணி நேரம், அப்புறம் இந்தச் செல்களை அடையாளம் காட்டும் தை1 ஆன்டிபாடி, 100 மைக்ரான் நாசில் உள்ள செல் சார்ட்டர் கருவியில் சார்ட்டிங், நேராகச் செல்லை உடைக்கும் லைசிஸ் பஃபருக்குள்.

ஆர்என்ஏ தரம் நன்றாகவே இருக்கிறது. சிக்கல் வேறு: போன மாதத்திலிருந்து எல்லா மாதிரியிலும் ஃபாஸ், ஜுன், ஈகர்1 (செல் தூண்டப்பட்டதும் முதலில் ஏறும் ஜீன்கள்) எகிறி நிற்கின்றன. கண்ணை எடுத்தவுடன் உறையவைத்த முழு விழித்திரையில் அப்படி இல்லை. பிரிக்கும் வேலையே செல்லை உசுப்பிவிடுகிறது என்றுதான் தோன்றுகிறது.

பப்பாயின் நேரத்தைக் குறைத்தால் செல்கள் வெள்ளைத் திரியாக ஒட்டிக்கொண்டு நாசிலை அடைக்கின்றன. உடைந்த செல்களிலிருந்து கசிந்து ஒட்டவைக்கும் டிஎன்ஏவை வெட்டும் டிஎன்ஏஸ் என்சைமைக் கூடுதலாகச் சேர்த்தும் அதே கதைதான். பிரித்த பிறகு எல்லாம் ஐஸில்தான், ஆனால் அதற்குள் ஆனது ஆகிவிடுகிறது. நியூக்ளியஸை மட்டும் எடுக்கலாம் என்கிறார்கள், சைட்டோபிளாச ஆர்என்ஏவை இழக்க மனமில்லை.

பப்பாயின் கட்டத்திலேயே, புதிதாக ஆர்என்ஏ உருவாவதைத் தடுக்கும் ஆக்டினோமைசின் டி சேர்த்துப் பார்த்தவர்கள், என்ன அளவில் சேர்த்தீர்கள்?